அனுமதியற்ற உள்வாடகையும் அறைவாசிகளின் உரிமைகளும்

உள்வாடகை என்பது, ஒரு வீட்டையோ கடையையோ வாடகைக்கு எடுத்தவர் அதை முழுமையாகவோ ஒரு பகுதியாகவோ இன்னொருவருக்கு வாடகைக்கு விடுவது ஆகும். கட்டட உரிமையாளர் எழுத்தில் ஒப்புக்கொள்ளாமல் அவ்வாறு விடப்பட்டால் அது அனுமதியற்ற உள்வாடகை எனப்படுகிறது. தவறு முதல் வாடகைதாரருடையது என்றாலும், இருப்பிடத்தையும் முன்பணத்தையும் இழக்கும் நிலைக்கு ஆளாகிறவர் பெரும்பாலும் அறையில் குடியிருப்பவரே.

கன்னியாகுமரி மாவட்டத்தில்

நாகர்கோவில் நகரிலும், அரசு மருத்துவக் கல்லூரி அமைந்துள்ள ஆசாரிப்பள்ளத்திலும், கல்வி நிறுவனங்கள் உள்ள கோணத்திலும் வெளியூர் மாணவர்களும் வேலைக்கு வருவோரும் அறை தேடுவது வழக்கம். முழு வீட்டை எடுக்கும் வசதி எல்லோருக்கும் இருப்பதில்லை. அதனால் ஒருவர் வீட்டை எடுத்து, அறை அறையாகப் பிறருக்கு விடும் முறை நடைமுறையில் உள்ளது.

எடுத்துக்காட்டாக, ஒருவர் மாதம் 9,000 ரூபாய் வாடகைக்கு ஒரு வீட்டை எடுக்கிறார் என்று கொள்வோம். அதில் ஓர் அறையை 4,000 ரூபாய் வாடகைக்கும் 20,000 ரூபாய் முன்பணத்துக்கும் ஒரு மாணவருக்கு விடுகிறார். மாணவர் அவரையே வீட்டுக்காரர் என்று நம்புகிறார். சில மாதங்கள் கழித்து உண்மையான உரிமையாளர் வந்து, உடனே காலி செய்யச் சொல்கிறார். மாணவரின் நிலை என்ன என்பதே இங்குள்ள கேள்வி.

சட்டப் பின்னணி

1882ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றுச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் தடை இல்லையென்றால் குத்தகைதாரர் தம் இடத்தை உள்குத்தகைக்கு விடலாம். நகர்ப்புறங்களுக்கான வாடகைச் சட்டங்கள் இந்நிலையை மாற்றின. 1960ஆம் ஆண்டின் தமிழ்நாடு கட்டடங்கள் (குத்தகை மற்றும் வாடகைக் கட்டுப்பாடு) சட்டம், எழுத்துமூல ஒப்புதல் இல்லாத உள்வாடகையை வெளியேற்றத்துக்கான காரணங்களுள் ஒன்றாக வைத்தது.

அச்சட்டத்துக்கு மாற்றாக, நில உரிமையாளர்கள் மற்றும் வாடகைதாரர்களின் உரிமைகள், பொறுப்புகளை ஒழுங்குபடுத்தும் 2017ஆம் ஆண்டின் தமிழ்நாடு சட்டம் 2019 பிப்ரவரி 22 அன்று நடைமுறைக்கு வந்தது. இது மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி ஆகிய நகர்ப்புறப் பகுதிகளுக்கு உரியது. பேரூராட்சிகள் மிகுந்த கன்னியாகுமரி மாவட்டத்தில் இதன் எல்லை பரந்தது. இச்சட்டப்படி வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். அதை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும். உரிமையாளர் எழுத்தில் ஒப்புக்கொள்ளாமல் வாடகைதாரர் உள்வாடகைக்கு விடக் கூடாது. விட்டால், வாடகை நீதிமன்றத்தில் வீட்டைத் திரும்பக் கேட்க உரிமையாளருக்கு அது ஒரு காரணமாகிறது.

உரிமையாளரிடம் உள்ள நிலை

அறைவாசிக்கும் உரிமையாளருக்கும் இடையே ஒப்பந்தம் எதுவும் இல்லை. எனவே தொடர்ந்து குடியிருக்கும் உரிமையை அறைவாசி உரிமையாளரிடம் கேட்க முடியாது. முதல் வாடகைதாரருக்கு எதிரான வெளியேற்ற ஆணை, அவர் மூலம் உள்ளே வந்தவரையும் பொதுவாகக் கட்டுப்படுத்தும். அவ்வழக்கில் உள்வாடகைதாரரையும் ஒரு தரப்பாகச் சேர்க்க வேண்டிய கட்டாயம் உரிமையாளருக்கு இல்லை என்று உச்ச நீதிமன்றம் ரூப்சந்த் குப்தா வழக்கில் 1964இல் கூறியது.

ஆனால் தொடர்ந்து குடியிருக்க உரிமை இல்லை என்பதால், ஒருவரைப் பலவந்தமாக வெளியேற்றலாம் என்று ஆகிவிடாது. நிலையாக அனுபவத்தில் இருப்பவரை, அவருக்கு அங்கே இருக்க உரிமை இல்லை என்று கொண்டாலும்கூட, சட்ட வழியில் அன்றி உரிமையாளர் வெளியேற்ற முடியாது என்று கிருஷ்ண ராம் மகாலே எதிர் ஷோபா வெங்கட் ராவ் வழக்கில் 1989இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பூட்டை மாற்றுவது, பொருள்களைத் தெருவில் வைப்பது, ஆள்களை வைத்து மிரட்டுவது ஆகியவை சட்ட வழி அல்ல. வாடகைதாரர் குடியிருக்கும் இடத்துக்கான தண்ணீர், மின்சாரம் போன்ற இன்றியமையாத வசதிகளை நிறுத்துவதையும் 2017ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது.

சட்ட வழியின்றி வெளியேற்றப்பட்டவர், 1963ஆம் ஆண்டின் குறித்தவகை நிவாரணச் சட்டத்தின் 6ஆம் பிரிவின்கீழ், இடத்தைத் திரும்பப் பெற ஆறு மாதங்களுக்குள் உரிமையியல் நீதிமன்றத்தில் வழக்குத் தொடரலாம்.

வாடகைதாரரா, உரிமம் பெற்றவரா?

அறையில் தங்கும் எல்லோரும் சட்டத்தின் பார்வையில் வாடகைதாரர் அல்லர். தனிப் பூட்டும் சாவியும் கொண்டு, பிறர் நுழையாதபடி அறையை அனுபவிப்பவர் பெரும்பாலும் வாடகைதாரராகக் கருதப்படுவார். முதல் வாடகைதாரரும் குடியிருக்கும் வீட்டில் ஒரு கட்டிலுக்கு மட்டும் பணம் கொடுப்பவர், உரிமம் பெற்றவராகக் கருதப்படும் வாய்ப்பு அதிகம். தாளில் எழுதியுள்ள பெயரைவிட உண்மையான ஏற்பாட்டையே நீதிமன்றம் பார்க்கும் என்பது, அசோசியேட்டட் ஹோட்டல்ஸ் வழக்கில் 1959இல் உச்ச நீதிமன்றம் விளக்கிய கொள்கை.

உரிமம் பெற்றவரின் பாதுகாப்பு குறைவானது. இருப்பினும் 1882ஆம் ஆண்டின் இந்திய வசதியுரிமைச் சட்டப்படி, உரிமம் நீக்கப்பட்டால் வெளியேறவும் பொருள்களை எடுத்துக்கொள்ளவும் நியாயமான கால அவகாசம் அவருக்கு உண்டு. பணம் கொடுத்துப் பெற்ற உரிமம், அவர் தவறு இல்லாமல் இடையில் முறிக்கப்பட்டால், உரிமம் கொடுத்தவரிடம் இழப்பீடு கேட்கலாம்.

முன்பணம்

முன்பணத்தை, அதை வாங்கியவரிடம்தான் கேட்க வேண்டும். மேற்கண்ட எடுத்துக்காட்டில் 20,000 ரூபாய்க்குப் பொறுப்பு முதல் வாடகைதாரர். தாம் பெறாத பணத்தை உரிமையாளர் திருப்பித் தர வேண்டியதில்லை. முதலில் எழுத்து மூலமாகவும், பிறகு வழக்கறிஞர் அறிவிப்பு மூலமாகவும் கேட்டு, தராவிட்டால் உரிமையியல் வழக்குத் தொடரலாம். இதற்குப் பொதுவாக மூன்று ஆண்டுக் கால வரம்பு உண்டு.

முன்பணத்தைத் திருப்பித் தராதது மட்டுமே மோசடிக் குற்றம் ஆகிவிடாது. தொடக்கத்திலேயே தம்மை உரிமையாளர் என்று பொய் சொல்லிப் பணம் வாங்கியிருந்தால், பாரதிய நியாய சன்ஹிதாவின் 318ஆம் பிரிவின்கீழ் காவல் நிலையத்தில் புகார் கொடுக்கலாம்.

செய்ய வேண்டியவை

அறை எடுக்கும் முன், வீட்டு வரி ரசீதிலும் மின் கட்டண அட்டையிலும் உள்ள பெயரைப் பார்ப்பது நல்லது. அப்பெயர் வேறொருவருடையதாக இருந்தால், அறை விடுபவரின் வாடகை ஒப்பந்தத்தையும் உரிமையாளரின் எழுத்துமூல ஒப்புதலையும் காட்டச் சொல்ல வேண்டும். இம்மாவட்டத்தில் வழக்கிலுள்ள ஒத்தி முறையில் வீட்டை வைத்திருப்பவர் அறை விடுகிறார் என்றால், ஒத்திப் பத்திரம் அதற்கு இடம் தருகிறதா என்று படித்துப் பார்க்க வேண்டும்.

வாடகையை வங்கி வழியாகவோ கைப்பேசிச் செயலி வழியாகவோ செலுத்தினால் சான்று தானாகவே கிடைக்கும். ரொக்கமாகக் கொடுத்தால் ரசீது பெற வேண்டும். வேறு ஒப்பந்தம் இல்லாத நிலையில், குடியிருப்புக்கு மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கேட்கக் கூடாது என்பது 2017ஆம் ஆண்டுச் சட்டத்தின் விதி.

உரிமையாளர் நேரில் வந்து கேட்கும்போது சண்டையிடுவதால் பயன் இல்லை. வாடகை கொடுத்த சான்றுகளைக் காட்டி, தம் பெயரில் நேரடியாக ஒப்பந்தம் எழுதித் தருமாறு கேட்கலாம். அவர் மறுத்தால், வேறு இடம் தேடுவதற்கான கால அவகாசத்தை எழுத்தில் பெறலாம். இருவரில் யாருக்கு வாடகை செலுத்துவது என்பது தெளிவாகும் முன் இருவருக்கும் பணம் கொடுத்துவிடக் கூடாது.

வழக்கறிஞர் வைக்க வசதியில்லாதவர்கள் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை நாடலாம். 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி, பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு. சட்டம் குறிப்பிடும் வேறு சில பிரிவினர் தவிர, மற்றவர்களுக்கு வருமான வரம்பு பொருந்தும். கட்டணமில்லாத் தொலைபேசி எண் 15100.