லிங்க் அனுப்புறீங்களா? முதல்ல ‘ஷேர்’ செட்டிங்கைப் பாருங்க!

ஜவுளிக்கடையோ, ஆடிட்டர் ஆபீஸோ... சம்பளப் பட்டியல், ஆதார் நகல், பில் எல்லாம் இன்று கூகுள் டிரைவ் லிங்க்காகத்தான் கைமாறுகின்றன. வசதிதான், ஆனால், ஒரு செட்டிங் மாறினால் சிக்கல்.

‘ஷேர்’ பகுதியில் ‘எனிஒன் வித் தி லிங்க்’ என்று வைத்தால், அந்த லிங்க் யாரிடம் போனாலும் ஃபைல் திறக்கும். வாட்ஸ்அப்பில் ஃபார்வேர்டு ஆனாலும்தான். ‘ரெஸ்ட்ரிக்டட்’ என்று வைத்தால், நீங்கள் சேர்த்த இமெயில்களுக்கு மட்டுமே திறக்கும். அவர்களிலும் பார்க்க வேண்டியவருக்கு ‘வியூவர்’, திருத்த வேண்டியவருக்கு மட்டும் ‘எடிட்டர்’ உரிமை போதும்.

ஊழியர் வேலையை விட்டுப் போகிறாரா? கடைச் சாவியை வாங்கும் அன்றே, ஷேர் பட்டியலில் இருந்து அவர் பெயரையும் எடுத்துவிடுங்கள். அவர் தன் சொந்த ஜிமெயிலில் உருவாக்கிய ஃபைல் என்றால், கூகுள் கணக்குப்படி அவர்தான் அதற்கு உரிமையாளர். உங்களால் அவரை நீக்க முடியாது! அதனால், அலுவலக ஃபைல்களை அலுவலகக் கணக்கிலேயே தொடங்குவது நல்லது. அந்தக் கணக்குக்கு ‘டூ-ஸ்டெப் வெரிஃபிகேஷன்’ கட்டாயம்.

இது வெறும் எச்சரிக்கை இல்லை. தனிநபர் தகவல்களைப் பாதுகாக்கத் தவறும் நிறுவனத்துக்கு ரூ.250 கோடி வரை அபராதம் விதிக்க, 2023-ல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வழிசெய்கிறது.