மேடையை விட்டு இறங்கியவர்: க்ளென் கூல்டும் கச்சேரி என்னும் அதிகாரமும்

1964 ஏப்ரல் 10ஆம் தேதி லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் க்ளென் கூல்ட் பியானோ வாசித்தார். முடித்தார், எழுந்து போனார். அப்போது அவருக்கு வயது 31. அதன்பிறகு 1982இல் டொராண்டோவில் இறக்கும்வரை எந்தக் கச்சேரி மேடையிலும் அவர் ஏறவில்லை. வாய்ப்புகள் வற்றிப்போனதால் அல்ல; புகழின் உச்சியில்தான் இருந்தார். பிறகு ஏன்? 'கிறுக்கு மனுஷன்' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடலாம். முடிக்கவும் செய்தார்கள். இந்தச் சுலபமான பதிலைச் சந்தேகிக்க வேண்டியிருக்கிறது.

டொராண்டோவில் 1932இல் பிறந்தவர் கூல்ட். முதலில் அம்மாவிடமும், பின்பு அல்பெர்த்தோ கெர்ரேரோவிடமும் கற்றார். 1955 ஜூனில் நியூயார்க்கில் கொலம்பியா நிறுவனத்துக்காக பாஹின் 'கோல்ட்பெர்க் வேறுபாடு'களைப் பதிவு செய்தபோது அவருக்கு 22 வயது. இறுகிய பண்டிதச் சரக்கு என்று ஒதுக்கப்பட்டிருந்த படைப்பு, துள்ளலோடும் தெளிவோடும் வெளியே வந்தது. கூடவே இன்னொன்றும் வந்தது. கோடையிலும் கம்பளி உடுப்பு, வாசிக்குமுன் வெந்நீரில் ஊறும் கைகள், மாத்திரைப் புட்டிகள், தரையிலிருந்து 14 அங்குல உயரமே உள்ள, அப்பா சரிசெய்து கொடுத்த மடக்கு நாற்காலி — இவையெல்லாம் விளம்பரச் செய்திகளாயின. இசையோடு சேர்த்து 'விசித்திர மேதை' என்கிற பண்டமும் சந்தைக்கு வந்துவிட்டது. 1957இல் மாஸ்கோ, லெனின்கிராட் மேடைகள் வரை அந்தப் பண்டம் பயணம் போயிற்று.

கூல்ட் வெறுத்தது இந்த அமைப்பைத்தான். ஆயிரம் பேர் இருட்டில் உட்கார்ந்திருக்க, ஒருவன் வெளிச்சத்தில் தனியாக. அவன் தவறவேண்டும் என்ற ரகசிய ஆசை, தவறாமல் தப்பினால் கரகோஷம். கச்சேரியை ரத்த விளையாட்டோடு ஒப்பிட்டார் கூல்ட். 1962இல் கைதட்டலையே தடைசெய்ய வேண்டும் என்று பாதி வேடிக்கையாகக் கட்டுரை எழுதினார். அதே ஆண்டு நியூயார்க்கில் பிராம்ஸின் முதல் பியானோ கன்சர்ட்டோவை வாசிப்பதற்கு முன், இசைக்குழுவின் நடத்துநர் லியோனார்ட் பெர்ன்ஸ்டைன் சபையோரிடம் பேசினார். கூல்ட் எடுத்துக்கொண்டிருக்கும் மந்த கதியில் தமக்கு உடன்பாடில்லை என்றார். கன்சர்ட்டோவில் யார் எஜமான் என்றும் கேட்டார். அது நகைச்சுவைபோலக் கேட்கப்பட்டாலும் நகைச்சுவை அல்ல. மேடை என்பதே எஜமானைத் தேடும் இடம்.

சரி, மேடைக்குப் பதில் என்ன? ஒலிப்பதிவுக் கூடம். 1966இல் வெளியான 'ஒலிப்பதிவின் எதிர்காலம்' பற்றிய கட்டுரையில் கூல்ட் ஒரு சம்பவம் சொல்கிறார். பாஹின் ஏ மைனர் ஃப்யூக் ஒன்றைப் பதிவு செய்கிறார். ஆறாவது தடவை வாசித்தது கனமாக, இறுக்கமாக இருந்தது. எட்டாவது தடவை வாசித்தது துள்ளிக் குதித்தது. இரண்டிலும் ஸ்வரப் பிழை கிடையாது. சில வாரம் கழித்துக் கேட்டால் இரண்டுமே சலிப்பூட்டின. ஆனால் வேகம் ஒன்றுதான். எனவே முதலும் முடிவும் ஆறிலிருந்து, நடுப்பகுதி எட்டிலிருந்து என்று நாடாவை வெட்டி ஒட்டினார். எந்த நொடியிலும், எந்த மேடையிலும் யாராலும் வாசிக்கப்படாத ஒரு வாசிப்பு பிறந்தது. இது மோசடியா? மூலம் ஒன்று, நகல் ஒன்று என்று பிரித்தே பழகியவர்களுக்கு மோசடிதான். இயந்திர மறுஉற்பத்தியில் கலைப்படைப்பின் ஒளிவட்டம் மங்குகிறது என்று 1930களிலேயே பெஞ்சமின் எழுதினார். கூல்ட் அந்த மங்கலை இழப்பாக எண்ணவில்லை, விடுதலையாக எடுத்துக்கொண்டார்.

இன்னும் ஒரு படி மேலே போகிறார். பீத்தோவனின் ஐந்தாம் சிம்பொனியில் ஒரு பகுதியை வால்ட்டரின் பதிவிலிருந்தும், இன்னொரு பகுதியைக் கிளெம்பரரின் பதிவிலிருந்தும் எடுத்துக் கேட்பவரே தைத்துக்கொள்ளலாமே என்கிறார். ரோலாண் பார்த் 'ஆசிரியனின் மரண'த்தை அறிவித்தது 1967இல். கூல்ட் அதற்கு ஓராண்டு முன்பே, கேட்பவன் படைப்பாளியாகும் காலத்தைக் கற்பனை செய்துவிட்டார். அதே 1967இல் 'வடக்கு என்னும் கருத்து' என்ற வானொலிப் படைப்பில் மனிதக் குரல்களையே ஃப்யூக்போல ஒன்றன்மேல் ஒன்றாக ஒலிக்கவிட்டார். ஒரே நேரத்தில் பலர் பேச, எந்தக் குரலைப் பின்தொடர்வது என்பதைக் கேட்பவர்தான் தீர்மானிக்க வேண்டும்.

இங்கேதான் நெருடல். கேட்பவருக்கு அதிகாரம் என்கிறார். ஆனால் எங்கே வெட்டுவது, எங்கே ஒட்டுவது என்று முடிவெடுத்தவர் கூல்ட். மேடையில் எஜமான் வேண்டாம் என்றவர், மூடிய அறைக்குள் முழு எஜமானாக உட்கார்ந்தார். கச்சேரி என்பது அன்றாட வாழ்விலிருந்து துண்டிக்கப்பட்ட ஓர் உச்ச நிகழ்வு என்று எட்வர்ட் செய்த் விவாதித்தார். கூடம் அந்தத் துண்டிப்பைச் சரிசெய்ததா, இறுக்கியதா? இன்று எவர் கைப்பேசியிலும் வெட்டி ஒட்ட முடிகிறது. கூல்டின் ஆரூடம் பாதி பலித்துவிட்டது. ஆனால் கச்சேரியும் சாகவில்லை, சந்தை இன்னும் வலுத்திருக்கிறது.

எனினும் வெட்ட முடியாத ஒன்று அவர் நாடாக்களில் இருக்கிறது. வாசிக்கும்போது அவர் வாய்க்குள் முனகுவார். பொறியாளர்கள் என்ன செய்தும் போகவில்லை. 1981இல் 'கோல்ட்பெர்க்'கை மறுபடி பதிவு செய்தார். முதல் பதிவு சுமார் 38 நிமிடம். இது 51 நிமிடம். சில பகுதிகளை இருமுறை வாசித்ததும் ஒரு காரணம், நிதானம் இன்னொன்று. 1982 அக்டோபர் 4இல் இறந்தார். 'எது உண்மையான கூல்ட்?' என்று இன்றும் சண்டை போடுகிறார்கள். இரண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். இரண்டிலும் அந்த முனகல் இருக்கிறது. உடலை ஒளித்துக்கொள்ளக் கூடத்துக்குள் போன ஒருவரின் உடல்தான் அது.