அப்பாவுக்கு எத்தனை நாள் லீவு? சட்டம் என்ன சொல்லுது?

குழந்தை பிறந்தா அம்மாவுக்கு 26 வாரம் லீவு. அப்பாவுக்கு? பல ஆபீஸ்ல சொந்த லீவுல ரெண்டு, மூணு நாள்தான். ஏன் இப்படி? சுருக்கமா பார்க்கலாம்.

அம்மாவுக்கு என்ன இருக்கு?

2017-ல் மகப்பேறு பயன் சட்டம் திருத்தப்பட்டது. முதல் இரண்டு குழந்தைகளுக்கு 12 வாரமாக இருந்த விடுப்பு 26 வாரமானது. ஈ.எஸ்.ஐ.யில் இல்லாதவர்களுக்கு இந்தச் சம்பளத்தை நிறுவனமே தர வேண்டும்.

அப்பாவுக்கு?

மத்திய அரசு ஊழியர் என்றால் சம்பளத்துடன் 15 நாள். ஏற்கெனவே இரண்டு குழந்தைகள் இருந்தால் கிடைக்காது. குழந்தை பிறந்த 6 மாதத்துக்குள் எடுக்கணும். விட்டா போச்சு.

தனியார் வேலை என்றால்? கட்டாயச் சட்டம் எதுவும் இல்லை. கம்பெனி கொடுத்தா உண்டு. 2017-ல் மக்களவையில் இதற்காக ஒரு தனிநபர் மசோதா வந்தது. சட்டமாகவில்லை.

மனைவியின் பிரசவத்துக்காக விடுப்பு கேட்ட காவல் ஆய்வாளர் ஒருவரின் வழக்கில், தந்தையர் விடுப்புக்குச் சட்டம் தேவை என்று 2023-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை வலியுறுத்தியது.

இதனால யாருக்கு நஷ்டம்?

முதலில் பெண்களுக்கு. லீவு அம்மாவுக்கு மட்டும்தான் என்றால், பெண்ணை வேலைக்கு எடுத்தால்தான் செலவு என்று முதலாளி கணக்குப் போடுவார். "கல்யாணம் ஆயிடுச்சா? குழந்தை பிளான் இருக்கா?" என்று இன்டர்வியூவில் பெண்களிடம் மட்டும் கேட்பது இதனால்தான்.

ஆண்களுக்கும் நஷ்டம்தான். "பிரசவம் உன் பொண்டாட்டிக்குத்தானே, உனக்கு எதுக்கு லீவு?" என்ற கிண்டலுக்குப் பயந்தே பலர் லீவு கேட்பதில்லை. ராத்திரி அழும் குழந்தையைத் தூக்க, தையல் போட்ட உடம்போடு அம்மாதான் எழுந்திருக்கணும்.

லீவு கொடுத்தா ஆண்கள் எடுப்பாங்களா?

ஸ்வீடன் 1974-லேயே அப்பா, அம்மா இருவருக்கும் பொதுவான விடுப்பைக் கொண்டுவந்தது. ஆனாலும் பெரும்பாலும் அம்மாக்களே எடுத்தார்கள். 1995-ல் ஒரு மாதத்தை அப்பாவுக்கென்றே ஒதுக்கினார்கள். அவர் எடுக்கலைன்னா அது வீண், மனைவிக்கு மாற்ற முடியாது. அதன் பிறகு லீவு எடுக்கும் அப்பாக்கள் அதிகமானார்கள். இப்போது மொத்தம் 480 நாள். அதில் ஆளுக்கு 90 நாள் இப்படி ஒதுக்கப்பட்டது.

நீங்க என்ன செய்யலாம்?

உங்க கம்பெனி விதிகளில் தந்தையர் விடுப்பு இருக்கான்னு ஹெச்.ஆர்.கிட்ட இப்பவே கேளுங்க. இருந்தா, பிரசவ தேதிக்கு முன்னாடியே மெயிலில் எழுதிக் கொடுத்துடுங்க. இல்லைன்னாலும் கேளுங்க. யாரும் கேட்காத லீவை எந்தக் கம்பெனியும் தானா கொடுக்காது.