பிடித்த பணமும் பதினைந்தாம் தேதியும்

புனே நகரை அடுத்த பிம்ப்ரியில் 1954 ஆம் ஆண்டு இந்துஸ்தான் ஆன்டிபயாடிக்ஸ் நிறுவனம் தொடங்கப்பெற்றது. பின்னர் அகுர்டி, போசரி, சாக்கன் என மோட்டார் வாகனத் தொழிலும் அதற்குரிய உதிரி பாகத் தொழில்களும் பரவின. இப்பகுதியில் பெரிய ஆலை ஒன்றின் வாயிலில் காலையில் நுழைவோர் அனைவரும் அவ்வாலையின் ஊதியப் பட்டியலில் இடம்பெற்றவர்கள் அல்லர். ஒப்பந்தக்காரர் வழியாக வருவோரும் அவர்களுள் உண்டு. இவர்களுடைய முதுமைக் காலச் சேமிப்புக்கு யார் பொறுப்பு என்பதே வருங்கால வைப்பு நிதி நிருவாகத்தில் மிகக் கடினமான வினா.

1952 ஆம் ஆண்டுச் சட்டம் முதலில் சிமெண்டு, சிகரெட், பொறியியல், இரும்பு எஃகு, காகிதம், நெசவு ஆகிய ஆறு தொழில்களுக்கே பொருந்தியது. பின்னர் 20 பேரோ அதற்கு மேற்பட்டோரோ பணிபுரியும் பலவகை நிறுவனங்களுக்கும் விரிந்தது. தொழிலாளி 12 சதவீதமும் வேலையளிப்பவர் அதே அளவும் செலுத்துவது பொது விதியாயிற்று. வேலையளிப்பவரின் பங்கில் 8.33 சதவீதம் 1995 ஆம் ஆண்டு ஓய்வூதியத் திட்டத்துக்குச் சென்றது. இதற்கான ஊதிய உச்சவரம்பு 2014 செப்டம்பரில் மாதம் 15,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. அவ்வரம்பில் ஊதியம் பெறும் ஒருவருக்கு இரு தரப்பிலும் தலா 1,800 ரூபாய்; வேலையளிப்பவர் தரும் தொகையில் ஏறத்தாழ 1,250 ரூபாய் ஓய்வூதியத்துக்கு, எஞ்சியது நிதிக்கு.

ஒப்பந்தத் தொழிலாளியைப் பொறுத்தவரை 1952 ஆம் ஆண்டுத் திட்டம் ஐயத்துக்கு இடம் வைக்கவில்லை. ஒப்பந்தக்காரர் ஒவ்வொரு மாத முடிவிலும் ஏழு நாட்களுக்குள் தம் ஆட்களின் விவரத்தையும் பிடித்தத் தொகையையும் முதன்மை வேலையளிப்பவரிடம் தருதல் வேண்டும். தராவிடினும் நிதிக்குச் செலுத்தும் கடமை முதன்மை வேலையளிப்பவருடையதே; செலுத்தியதை ஒப்பந்தக்காரரிடமிருந்து அவர் வசூலித்துக் கொள்ளலாம். தொழிலாளியிடமிருந்து அன்று, இது முக்கியம். உரிய மாதத்தில் பிடிக்கத் தவறிய பங்கைத் தற்செயலான தவறோ எழுத்துப் பிழையோ இருந்தாலன்றிப் பிந்திய ஊதியத்தில் கழிக்கவும் முடியாது. ஆகவே ஒப்பந்தக்காரரின் பட்டியைத் தீர்க்குமுன், அவர் செலுத்திய சலானில் தம் ஆலைத் தொழிலாளரின் பெயர்கள் உள்ளனவா என ஒப்பிடுவதே ஆலை மேலாளருக்குச் சிறந்த காப்பு. ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதிவிட்டால் போதும் என்ற எண்ணம் பயன் தராது.

பணம் அடுத்த மாதம் 15 ஆம் தேதிக்குள் சேர வேண்டும். முன்பிருந்த ஐந்து நாள் சலுகை 2016 இல் நீக்கப்பட்டது. தாமதித்தால் ஆண்டுக்கு 12 சதவீத வட்டியும், அதற்கு மேல் தண்டத் தொகையும் உண்டு; 5 முதல் 25 சதவீதம் வரை ஏறிச் சென்ற தண்டம் 2024 ஜூனில் மாதத்துக்கு 1 சதவீதம் என எளிமையாக்கப்பட்டது. தண்டம் குறைந்ததால் கடமை தளர்ந்ததாகக் கருதலாகாது. ஊதியத்திலிருந்து பிடித்த தொகை நிறுவனத்தின் பணமன்று. அதை நம்பிக்கைப் பொருளாகவே சட்டம் நோக்குகிறது. வருமான வரி வழக்கொன்றில், செக்மேட் சர்வீசஸ் நிறுவனம் தொடர்பாக 2022 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் இக்கருத்தையே உறுதி செய்தது. கெடு கடந்து செலுத்திய தொழிலாளர் பங்கை, கணக்கறிக்கை தாக்கலுக்கு முன் கட்டியிருந்தாலும், செலவாகக் கழிக்க இயலாது என்றது.

தொழிற்சாலை நொடிந்தால் என்ன ஆகும்? இதற்கும் மகாராஷ்டிரத்திலேயே முன்மாதிரி உள்ளது. வங்கியிடம் அடகு வைக்கப்பட்ட சர்க்கரை மூட்டைகளின் மீது வைப்பு நிதி நிலுவைக்கே முதல் உரிமை என, மகாராஷ்டிர மாநிலக் கூட்டுறவு வங்கி வழக்கில் 2009 இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எனினும் கணக்கில் ஏறாத தொழிலாளிக்கு, தன் பெயரில் நிலுவை உண்டு என்று மெய்ப்பிப்பதே முதல் இடர்.

மற்றொரு கசிவு ஊதியத்தைக் கூறுபோடுவதால் நேர்வது. 15,000 ரூபாயில் 8,000 ரூபாயை மட்டும் அடிப்படை ஊதியமாகக் காட்டினால், தொழிலாளியின் பங்கு 960 ரூபாயாகச் சுருங்கும். கையில் வரும் தொகை சற்றுக் கூடுவதால் அவரும் வாளாவிருப்பார். எல்லோருக்கும் பொதுவாக வழங்கப்படும் படிகளும் அடிப்படை ஊதியமே என 2019 பிப்ரவரியில் விவேகானந்த வித்யாமந்திர் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறிற்று. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, விலக்கப்பட்ட படிகள் மொத்த ஊதியத்தில் பாதியை மிஞ்சினால் மிகுதியை ஊதியத்தோடு சேர்க்கச் சொல்கிறது. பழைய திட்டங்கள் ஓராண்டு தொடரவும் அதுவே இடமளித்தது. மேற்சொன்ன கணக்கில் படிகள் 7,000 ரூபாய், பாதிக்குக் குறைவு. எனவே அத்தகைய பட்டியல்களில் 2019 தீர்ப்பின் அளவுகோலையே அலுவலர் இன்னும் கையிலெடுக்க வேண்டியிருக்கும்.