குளத்து நீரை அளந்து பங்கிடல்: ஊர் கூடித் திட்டமிடும் முறை

வரண்ட வலயத்திலே கமஞ்செய்யும் நீங்கள் மழையை நம்புவதிலும் பார்க்கக் குளத்தையே பெரிதும் நம்பியிருக்கின்றீர்கள். ஆண்டு மழையின் பெரும்பகுதி ஐப்பசி தொடக்கம் தை வரையுள்ள சில மாதங்களிற் பெய்து தீர்ந்துவிடுகின்றது. எஞ்சிய காலத்துக்கு நெல்லும், மாடும், கிணறும், மீனும் குளத்தில் தேங்கிய நீரையே பங்கிட்டுக்கொள்ள வேண்டியிருக்கின்றது. அப்பங்கீடு சித்திரையிலே கூட்டத்தில் பேசித் தீர்க்கப்படாதவிடத்து, ஆடியிலே வாய்க்காற் கரையில் மண்வெட்டியோடு தீர்க்கப்படும். அவ்வாறு தீர்க்கப்பட்ட பங்கீடு எவருக்கும் நன்மை செய்ததில்லை.

ஊரார் கூடி நீரையும் நிலத்தையுந் திட்டமிடுதல் நமது நாட்டில் இன்று நேற்று வந்த வழக்கமன்று. 1832ஆம் ஆண்டில் இராசகாரியம் ஒழிக்கப்பட்ட பின்னர், குளக்கட்டைத் திருத்துவதற்கும் வாய்க்கால் வெட்டுவதற்கும் ஊர் முழுவதையும் அழைக்கும் அதிகாரம் எவருக்கும் இல்லாது போகவே, பல குளங்கள் கவனிப்பாரின்றிக் கெட்டன. அக்குறையை உணர்ந்தே 1856ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கக் கட்டளைச்சட்டம் பழைய நீர்ப்பாசன வழக்கங்களுக்கு மீண்டும் சட்ட வலு அளித்தது. பின்னர் 1958ஆம் ஆண்டின் நெற்காணிச் சட்டம் பயிர்ச்செய்கைக் குழுக்களை ஏற்படுத்தியது. இன்று 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின் கீழ்க் கமக்காரர் அமைப்புக்கள் இயங்கி வருகின்றன. பாசனப் பரப்பு 80 ஹெக்டேயருக்கு, அதாவது ஏறத்தாழ 200 ஏக்கருக்கு மேற்படாத குளங்கள் சிறு குளங்கள் எனப்படும். இவற்றின் கீழுள்ள கமக்காரர் ஒவ்வொரு போகத்தின் தொடக்கத்திலும் பயிர்ச்செய்கைக் கூட்டங் கூடி, விதைக்கும் பரப்பு, நெல்லினம், நீர் திறக்கும் நாள், நீர் நிறுத்தும் நாள், வேலி அடைக்கும் நாள், மாடுகளை வெளியேற்றும் நாள் ஆகியவற்றைத் தீர்மானிக்க வேண்டும்.

சட்டம் கூட்டத்தைக் கூட்டித் தரும். ஆனால் கூட்டத்திற் பேசப்படுவது என்ன என்பதே முக்கியமானது. பல கூட்டங்களில் நாட்கள் மட்டும் வாசிக்கப்பட்டுக் கைகள் உயர்த்தப்படுகின்றன. குளத்தில் எவ்வளவு நீர் உண்டு என்ற கேள்வியை எவரும் எழுப்புவதில்லை. “அரைக்குளம் கிடக்கிறது” என்று ஒருவர் சொன்னால் அதுவே கணக்காகிவிடுகின்றது. குளம் கிண்ணம் போன்று அடி ஒடுங்கியும் மேல் அகன்றும் இருப்பதால், கட்டில் பாதி உயரத்துக்கு நிற்கும் நீர் உண்மையிற் பாதி நீரன்று. கால்வாசிக்கும் குறைவாகவே பெரும்பாலும் இருக்கும். கணக்கின் முதற் பிழை இங்கேதான் நேருகின்றது.

சிறு குளத்திலுள்ள நீரைப் பருமட்டாக அறிவதற்கு எளிய வழியொன்று உண்டு. நீர் பரந்து நிற்கும் பரப்பை ஏக்கரிலும், கட்டோரத்திலுள்ள மிகக் கூடிய ஆழத்தை அடியிலும் எடுத்துப் பெருக்கி, வந்த தொகையைப் பத்தில் நான்காற் பெருக்குக. கிடைப்பது ஏக்கர்-அடிக் கணக்காகும். ஓர் ஏக்கர்-அடி என்பது ஓர் ஏக்கர் நிலத்தை ஓரடி ஆழத்துக்கு மூடக்கூடிய நீர். 43,560 கன அடி. எடுத்துக்காட்டாக, சித்திரையிலே 50 ஏக்கர் பரப்பிற் பத்தடி ஆழத்துக்கு நீர் நிற்கும் ஒரு குளத்தில் ஏறத்தாழ 200 ஏக்கர்-அடி நீர் உண்டு என்று கொள்ளலாம்.

இந்த 200 ஏக்கர்-அடியும் வயலுக்கு உரியதன்று. வரட்சி மாதங்களில் வெயிலும் காற்றும் திறந்த நீர்ப்பரப்பிலிருந்து நாளொன்றுக்கு ஏறத்தாழக் கால் அங்குலத்தைக் கொண்டுபோகின்றன. நூறு நாட்களில் இது இரண்டடிக்கு மேலாகின்றது. நீர் வற்ற வற்றப் பரப்பும் சுருங்குமாதலால், சராசரி 30 ஏக்கர் என்று வைத்தாலும், வானம் எடுத்துக்கொள்ளும் பங்கு 60 ஏக்கர்-அடி. இதனை எந்தத் தீர்மானத்தாலும் தடுத்தல் இயலாது. மாடுகளுக்கும், குளிப்பதற்கும், மீனுக்கும், அயற் கிணறுகள் வற்றாதிருப்பதற்கும் 20 ஏக்கர்-அடியை விட்டுவைப்போமாயின், பயிருக்கு மிஞ்சுவது 120 ஏக்கர்-அடியே. சிறுபோக நெல்லுக்கு, வாய்க்காலில் வீணாவது உட்பட, துருசில் ஏக்கருக்கு நான்கு ஏக்கர்-அடியாவது திறக்க வேண்டும் எனக் கொள்ளின், 30 ஏக்கரே விதைக்கலாம். மணற்பாங்கான வயலுக்கு இதனினும் கூடுதலாக வேண்டும். குளத்தின் கீழ் 75 ஏக்கர் வயல் இருக்குமாயின், எஞ்சிய 45 ஏக்கரின் உடையவர்கள் யாது செய்வது?

இவ்விடத்திலேதான் ஊரின் பொறுமையும் நேர்மையும் சோதிக்கப்படுகின்றன. துருசுக்கு அண்மையிலுள்ளவர்கள் மட்டும் விதைத்துக்கொள்வது ஒரு வழி. சிலர் அதனை இயற்கையின் நீதி போலவும் பேசுவர். எல்லோரும் விதைத்து, பூக்கும் பருவத்தில் எல்லோரும் கருகவிடுவது மற்றொரு வழி. பேராசையினாலன்றி, “எனக்கு மட்டும் ஏன் இல்லை” என்ற நியாயமான மனக்குறையினாலேயே இது பெரும்பாலும் நிகழ்கின்றது. மூன்றாவது வழி, சிங்கள ஊர்களிற் ‘பெத்ம’ என்று வழங்கும் பங்கீட்டு முறையாகும். அம்முறையிற் குளத்துக்கு அண்மையிலுள்ள பகுதியை மாத்திரம் அந்தப் போகத்துக்கெனத் தெரிந்தெடுத்து, குளத்தின் கீழ் வயலுடையோர் அனைவருக்கும் அவரவர் உடைமைக்கு ஏற்ற விகிதத்தில் அங்கே தற்காலிகமாகப் பங்கு அளிப்பர். மேற்கூறிய கணக்கின்படி, ஐந்து ஏக்கர் உடையவருக்கு அப்போகத்தில் இரண்டு ஏக்கர் கிடைக்கும். கடைவாய்க்காலில் வயல் வைத்திருப்பவரும் அவ்வாறே பெறுவர். அறுவடையோடு பங்கு முடிந்து, காணி உடையவரிடமே மீளும். நீர் நெடுந்தூரம் ஓட வேண்டியதின்மையால் வாய்க்கால் இழப்புங் குறையும் என்பதையுங் கவனிக்க.

எல்லாவற்றையும் நெல்லுக்கே கொடுக்க வேண்டுமென்ற நியதியும் இல்லை. பயறு, உழுந்து, கௌபி, எள்ளு முதலிய பயிர்கள் நெல்லின் நீரிற் பாதியளவோடு, சில மண்களில் அதனினுங் குறைவோடு, விளையும். அதே 120 ஏக்கர்-அடி நீரில் 15 ஏக்கர் நெல்லும் 30 ஏக்கர் பயறும் செய்யலாம். விதைக்கும் பரப்பு 45 ஏக்கராகும். ஆனால் நீர் தேங்கும் தாழ்ந்த வயலிற் பயறு அழுகும். எந்தக் கண்டம் வடியும், எந்தக் கண்டம் வடியாது என்பதை அதில் உழுதவரே அறிவர். போதனாசிரியரின் வரைபடம் அதனை முற்றாகக் காட்டாது. திட்டமிடுவதில் ஊராருக்கு இடமளிக்க வேண்டும் என்று நாம் கூறுவது மரியாதைக்காக மாத்திரமன்று என்பது இதனாற் பெறப்படும்.

பெரிய திட்டங்களிலும் இம்முறை பயனளித்திருக்கின்றது. கல்லோயா இடதுகரைப் பகுதியிலே 1981ஆம் ஆண்டிற் கமநல ஆராய்ச்சிப் பயிற்சி நிறுவகம், கோர்னல் பல்கலைக்கழகத்தாரின் துணையோடு கமக்காரர் குழுக்களை அமைக்கத் தொடங்கியபோது, சேனநாயக்க சமுத்திரத்தில் ஏறத்தாழக் காற்பங்கு நீரே இருந்தது. தகராறு முற்றுவதற்கு அதனினும் பொருத்தமான காலம் வேறில்லை. ஆயினும் குழுக்கள் முதலில் வயல் வாய்க்கால்களைச் சிரமதானமாகத் துப்புரவு செய்தன. பின்னர் முறைவைத்து நீர் பாய்ச்சின. மிச்சம் பிடித்த நீரைக் கடைப்பகுதிக்கு அனுப்பின. தலைப்பகுதியிற் சிங்களக் கமக்காரரும், கடைப்பகுதியில் தமிழ்க் கமக்காரரும் இருந்த வாய்க்கால்களிலும் இது நிகழ்ந்தது. 1997ஆம் ஆண்டுச் சிறுபோகத்திலே, நீர் 15,000 ஏக்கர் நெல்லுக்கே போதும் என்று அதிகாரிகள் கூறியிருந்தவிடத்து, கமக்காரர் அமைப்புக்கள் நீரைக் கவனமாகப் பங்கிட்டு ஏறத்தாழ 65,000 ஏக்கரில் நல்ல விளைச்சல் எடுத்தன. பொறியியலாளரின் கணக்குப் பொய்த்தது என்று இதற்குப் பொருள் கொள்ளலாகாது. வழமைபோல் நீர் வீணாகும் என்று கொண்டே அவர்கள் கணக்கிட்டனர். அந்த வீணடிப்பே நிறுத்தப்பட்டது.

காலபோகத்திலும் இத்தகைய கூட்டுறுதி வேண்டும். குளம் நிரம்பிய பின்னரே உழுவோம் என்று காத்திருப்பது நம்மவர் வழக்கம். அக்காத்திருப்பில் முதல் மழை முழுவதும் பயிரின்றி ஓடிவிடுகின்றது. 1970களின் பிற்பகுதியில் மகா இலுப்பள்ளம ஆராய்ச்சி நிலையத்தார் அனுராதபுர மாவட்டத்து வலகம்பாகுவ என்னும் ஊரிலே, முதல் மழையோடு புழுதியில் விதைத்து, குறுங்கால நெல்லினத்தை மழையிலேயே வளர்த்து, குளத்து நீரை அடுத்த பயிருக்கு மிச்சப்படுத்தும் முறையை ஊராரோடு சேர்ந்து பரீட்சித்தனர். முறை நல்லதாயினும் எதிர்பார்த்த அளவுக்குப் பிற ஊர்களிற் பரவவில்லை. ஒருவர் தனியே முந்தி விதைத்தால் ஊர் மாடுகளும் பறவைகளும் அவருடைய வயலிலேயே கூடும். உழவு இயந்திரமும் வேண்டிய நாளில் எல்லோருக்குங் கிடைப்பதில்லை. பி.ஜி. 300 போன்ற மூன்று மாத இனத்தையும் ஏ.ரீ. 362 போன்ற மூன்றரை மாத இனத்தையும் ஒரே வாய்க்காலின் கீழ்க் கலந்து விதைப்பின், பிந்திய வயலுக்காகத் துருசு இரு வாரம் மேலதிகமாகத் திறந்திருக்க நேரும். ஆதலின் இனத்தையும் கூட்டமே தீர்மானித்தல் நன்று.

இனி நிலத்தைப் பற்றிச் சிறிது கூறுவோம். குளம் என்பது கட்டும் நீரும் மாத்திரமன்று. நீரேந்து பகுதியிலுள்ள காடு வெட்டப்படின் அவ்வாண்டே வண்டல் குளத்துள் இறங்கும். அலைகரையில் நிற்கும் மரங்கள் காற்றைத் தடுத்து ஆவியாதலைக் குறைக்கும். கட்டுக்குக் கீழே மருதும் தாழையும் வளர்ந்த ஈரநிலம், கசியும் நீரிலுள்ள உப்பை வயலுக்கு வரவிடாது தடுக்கும். அதனை வீண் பற்றையென்று எண்ணி வெட்டி வயலாக்கியவர்கள் சில ஆண்டுகளில் உவர் கண்டு கைவிட்டிருக்கின்றனர். அலைகரையை அடைத்துப் பயிரிடுபவர் பெரும்பாலும் காணியற்ற ஏழைகளாகவே இருத்தலால், அவர்களைக் கூட்டத்துக்கு அழையாது எல்லைக்கல் நாட்டுவதும் பயன்படாது. கல் இரவிலே நகர்ந்துவிடும்.

மேலும், வரண்ட வலயத்துச் சிறு குளங்கள் தனித்தனி இருப்பனவல்ல. மேற்குளத்தின் கலிங்கில் வழிவதும் அதன் வயல்களிலிருந்து வடிவதும் கீழ்க்குளத்தை நிரப்பும். சிங்களத்தில் ‘எல்லங்காவ’ எனப்படும் இக்குளத்தொடர் அமைப்பை உலக உணவு விவசாய நிறுவனம் 2017ஆம் ஆண்டில் உலக முக்கியத்துவம் வாய்ந்த விவசாய மரபுரிமைகளுள் ஒன்றாக ஏற்றுக்கொண்டது. ஒரு குளத்தார் கலிங்கை ஓரடி உயர்த்தினால், மழை குறைந்த ஆண்டில் கீழ்க்குளம் நிரம்பாது. மழை மிகுந்த ஆண்டில் அவர்களுடைய கட்டே உடைந்து, வெள்ளம் கீழ்க்கட்டுகளையும் ஒவ்வொன்றாகக் கொண்டுபோகும். 1957ஆம் ஆண்டு மார்கழி வெள்ளத்தில் வடக்கிலும் கிழக்கிலும் எத்தனையோ கட்டுகள் உடைந்தன. ஆகவே, திருத்த வேலை கேட்டு விண்ணப்பிக்குமுன், ஒரே தொடரிலுள்ள குளங்களின் அமைப்புக்கள் கூடிப் பேசுதல் அவசியம்.

தூர் வாருதல் பற்றியும் ஒரு சொல். துருசின் மட்டத்துக்குக் கீழே தோண்டிய குழியிற் சேரும் நீர் மாட்டுக்கும் மீனுக்கும் உதவுமேயன்றி வயலுக்கு ஓடாது. கட்டின் அடியை ஒட்டி மண் எடுப்பது கட்டையே பலவீனப்படுத்தும். களிப்படையை அளவுக்கு மிஞ்சி வெட்டினால் நீர் கீழே இறங்கிவிடும். இயந்திரம் வந்து நிற்கும் நாளில் இவற்றைச் சொல்லிப் பயனில்லை. எங்கே, எவ்வளவு ஆழம், மண் எங்கே கொட்டப்படும் என்பதை முன்னரே எழுதி ஒப்பமிடல் வேண்டும்.

கூட்டத்துக்கு யார் வர வேண்டும்? காணி உறுதியில் பெயருள்ளவர் மாத்திரம் போதாது. குத்தகைக்குச் செய்பவர், மாடு வைத்திருப்பவர், குளத்தில் மீன் பிடிப்பவர், அயற் கிணற்றில் நீர் அள்ளும் பெண்கள் ஆகியோரும் நீரின் பங்காளிகளே. கிணறு வற்றும் முதல் நாளை அறிபவர் பெரும்பாலும் பெண்களாதலின், குளத்தில் விட்டுவைக்கும் நீரின் அளவை அவர்களிடமே கேட்டறிக. கூட்டம் மாலையில் வைக்கப்படின் அவர்கள் வருதல் அரிது என்பதையும் எண்ணி நேரத்தைக் குறிக்க.

தீர்மானித்தவற்றை அமைப்பின் குறிப்பேட்டில் எழுதி, பங்கு வரைபடத்தோடு கமநல சேவை நிலையத்துக்குப் பிரதி கொடுங்கள். துருசருகே அடிக்கணக்குக் குறித்த மரமொன்றை நாட்டி, வாரந்தோறும் ஒரே நாளில் நீர்மட்டத்தைப் பதிந்து வாருங்கள். விதைத்து நாற்பதாம் நாளளவில் மீண்டும் ஒருமுறை கூடி, பதிந்த மட்டத்தை எதிர்பார்த்த மட்டத்தோடு ஒப்பிடுங்கள். குறைவு காணப்படின், முறைவைப்பை நான்கு நாளிலிருந்து ஐந்து நாளாக்குவதற்கு அப்பொழுது காலம் இருக்கும். கதிர் வெளிவந்த பின் இராது.