அடுத்தவர் இலையில் பரிமாறிய சர்வீஸ்

சில வருஷங்களுக்கு முன் நான் வேலை பார்த்த ஒரு கம்பெனியில், ஊழியர்கள் தங்கள் பேஸ்லிப்பைப் பார்ப்பதற்கான வெப் அப்ளிகேஷன் எங்கள் டீம் கையில் இருந்தது. ஏஎஸ்பி.நெட் கோரில் எழுதியது. ஒரு திங்கட்கிழமை காலை ஹெச்.ஆரிலிருந்து போன். "சார், யார் லாகின் பண்ணாலும் ஒரே ஆளோட பேஸ்லிப்தான் வருது."

போய்ப் பார்த்தால் உண்மைதான். மேலே மெனுவில் அவரவர் பெயர் சரியாக இருக்கிறது. கீழே வேறொருத்தர் சம்பளம். ரீஸ்டார்ட் செய்தோம். இப்போதும் எல்லோருக்கும் ஒரே பேஸ்லிப், ஆனால் ஆள் மாறிவிட்டார். ரீஸ்டார்ட்டுக்குப் பிறகு யார் முதலில் திறக்கிறாரோ, அவருடைய சம்பளம் ஊருக்கே தெரியும்! உடனே அந்தப் பக்கத்தை மூடி வைத்துவிட்டுத்தான் காரணத்தைத் தேடினோம்.

காரணம் நான் மாற்றிய ஒரே ஒரு வார்த்தை. அது புரிய டிபென்டன்சி இன்ஜெக்‌ஷன் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

கல்யாண சமையல் மாஸ்டர் லிஸ்ட் கொடுப்பார். சாமான் வாங்கித் தருவது கல்யாண வீட்டுக்காரர் பொறுப்பு. மாஸ்டரே கடைக்கு ஓடுவதில்லை. அதே மாதிரி ஒரு கிளாஸ், தனக்கு வேண்டியதைத் தானே 'நியூ' போட்டு உருவாக்காமல், "எனக்கு இது இது வேணும்" என்று கன்ஸ்ட்ரக்டரில் லிஸ்ட் கொடுத்துவிடும். கொண்டுவந்து தருவது கன்டெய்னர் வேலை. இதற்கு டிபென்டன்சி இன்ஜெக்‌ஷன் என்ற பெயரைப் பரப்பியது மார்ட்டின் ஃபௌலர் 2004-ல் எழுதிய கட்டுரை. 2016-ல் வந்த ஏஎஸ்பி.நெட் கோர், கன்டெய்னரைக் கூடவே வைத்துக்கொண்டு வந்தது. டெஸ்ட் செய்யும்போது நிஜ டேட்டாபேஸுக்குப் பதில் பொய் டேட்டாபேஸைக் கொடுக்கலாம் என்பது இதன் பெரிய சௌகரியம். இதைப் பற்றி நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள், நான் தாண்டிப் போகிறேன்.

அதிகம் பேசப்படாதது ஆயுள். கன்டெய்னரில் ஒரு சர்வீஸைப் பதிவு செய்யும்போது, அது எவ்வளவு நேரம் உயிரோடு இருக்க வேண்டும் என்பதையும் சொல்லியாக வேண்டும். சிங்கிள்டன் என்பது கல்யாணம் முழுக்க ஒரே அண்டா. ஸ்கோப்டு என்பது ஆளுக்கு ஒரு இலை: அவர் சாப்பிட்டு எழும் வரை சாம்பார், ரசம், பாயசம் எல்லாம் அதிலேயே, எழுந்ததும் இலையை எடுத்துவிடுவார்கள். வெப்பில் 'ஆள்' என்பது ஒரு ரிக்வெஸ்ட். டிரான்சியன்ட் என்பது கேட்கும்போதெல்லாம் கொடுக்கும் புது பேப்பர் கப்.

எங்கள் பேஸ்லிப் சர்வீஸ் ஸ்கோப்டாகத்தான் இருந்தது. அது ஒவ்வொரு ரிக்வெஸ்டுக்கும் வருமான வரி அட்டவணையை ஒரு ஃபைலிலிருந்து படித்தது. ஸ்லோவாக இருக்கிறதே, ஒரு தடவை படித்தால் போதாதா என்று நான்தான் அதைச் சிங்கிள்டன் ஆக்கினேன். நன்றாக வேகமாகிவிட்டது, சந்தோஷம். ஆனால் அதன் கன்ஸ்ட்ரக்டர் லிஸ்டில் இன்னொன்றும் இருந்தது: லாகின் செய்திருப்பவர் யார் என்று சொல்லும் சர்வீஸ். அது ஸ்கோப்டு, அதாவது இலை.

சிங்கிள்டனின் கன்ஸ்ட்ரக்டர் ஒரே முறைதான் ஓடும். அப்போது கையில் கிடைத்த இலையை அது கீழே வைக்கவே இல்லை. முதலில் உட்கார்ந்தவரின் எச்சில் இலையிலேயே மற்ற எல்லோருக்கும் பரிமாறியது. மெனு அவரவர் இலையை நேரடியாகக் கேட்டு வாங்கியதால் பெயர் மட்டும் சரியாக வந்தது. மார்க் சீமன் இதற்கு 'கேப்டிவ் டிபென்டன்சி' என்று பெயர் வைத்தார். சிறைப்பட்ட சார்பு என்று தமிழில் சொல்லலாமா? கொஞ்சம் சினிமா டைட்டில் மாதிரி இருக்கிறது.

சரி, டெஸ்டிங்கில் ஏன் சிக்கவில்லை? எங்கள் மெஷினில் ஒருத்தர்தான் லாகின் செய்வோம், முதல் ஆளும் கடைசி ஆளும் அவரே. இது பாதிக் காரணம். மீதிதான் என்னை அதிகம் உறுத்தியது. இந்தத் தவறை ஏஎஸ்பி.நெட் கோர் தானாகவே கண்டுபிடித்து, சிங்கிள்டனுக்குள் ஸ்கோப்டைத் தர முடியாது என்று எரர் கொடுத்து நின்றுவிடும். ஆனால் சும்மா விட்டால், என்விரான்மென்ட் பெயர் 'டெவலப்மென்ட்' என்று இருக்கும்போது மட்டும்தான் அந்தச் சோதனை நடக்கும். எங்கள் டீமில் யாரோ ஒருவர், எப்போதோ, எங்கள் மெஷின்களுக்கு 'லோக்கல்' என்று அழகாகப் பெயர் வைத்திருந்தார். ஃப்ரேம்வொர்க்குக்கு அந்தப் பெயர் தெரியாது. காவலாளி வேலைக்கே வரவில்லை.

சர்வீஸை இரண்டாகப் பிரித்தேன். வரி அட்டவணையைப் படித்து வைத்துக்கொள்வது தனி சிங்கிள்டன். பேஸ்லிப் போடுவது பழையபடி ஸ்கோப்டு. ஸ்கோப்டு சர்வீஸ் சிங்கிள்டனைக் கேட்கலாம், தப்பில்லை. இலைக்கு அண்டாவிலிருந்துதானே சோறு வரும். வேகமும் போகவில்லை. கூடவே 'வேலிடேட் ஸ்கோப்ஸ்' என்ற செட்டிங்கை எல்லா என்விரான்மென்டிலும் ஆன் செய்துவிட்டேன். ஆன் செய்த அன்றே, ராத்திரி மெயில் அனுப்பும் பேக்கிரவுண்ட் சர்வீஸும் எரர் கொடுத்து நின்றது. அந்த மாதிரி சர்வீஸ்கள் எல்லாமே சிங்கிள்டன்கள். அதுவும் டேட்டாபேஸ் கான்டெக்ஸ்டை நேராகக் கன்ஸ்ட்ரக்டரில் வாங்கி வைத்திருந்தது. ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு புது ஸ்கோப் உருவாக்கி, அதிலிருந்து கான்டெக்ஸ்டை எடுக்கும்படி மாற்றினோம்.

இந்தச் சோதனைக்கும் ஒரு ஓட்டை உண்டு. சிங்கிள்டனுக்குள் டிரான்சியன்ட் மாட்டிக்கொண்டால் அது வாயே திறக்காது. அதை இன்னும் கண்ணால்தான் தேடுகிறேன்.