குதிரை காணாத தடைகள்

மட்டக்களப்பு வாவிக்கும் கடலுக்கும் நடுவே கிடக்கும் மணற்பூமியில் உள்ளது களுதாவளை. வெற்றிலைக்குப் பெயர்பெற்ற அவ்வூரிற் குதிரைக்கு வேலை இல்லை. எனினும், வண்டியிற் பூட்டிய எருது முன்பின் கண்டிராத நீர்ப்பள்ளத்தின் எதிரே நின்றுவிட்டால், அடியினால் அதன் அச்சம் நீங்காது என்பதை அங்குள்ள உழவருக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஈவென்டிங் என்னும் குதிரையேற்றப் போட்டியின் உயிர்நிலையும் அதுவே.

இப்போட்டி படைக்குதிரைகளின் தகுதியைச் சோதிக்க எழுந்தது; 1912 இல் ஒலிம்பிக்கில் இடம்பெற்றது. ஒரே வீரர், ஒரே குதிரையுடன் மூன்று சோதனைகளைக் கடத்தல் வேண்டும். அடக்கமான நடையைக் காட்டும் டிரெசாஜ் முதலாவது. கம்பங்களைத் தாவுதல் இறுதியானது. இரண்டுக்கும் இடையே வருவதுதான் கிராஸ் கன்ட்ரி. மேடு, பள்ளம், நீர்நிலை, அசையாத மரத்தடைகள் ஆகியவற்றைக் கடுவேகத்திற் கடக்கும் ஓட்டம் அது.

அத்தடைகளைக் குதிரை முன்னர்க் காணலாகாது என்பது விதி. வீரரும் பயிற்றுநரும் மட்டும் பாதையைக் கால்நடையாகப் பலமுறை சுற்றிவருவர். குதிரையின் ஒரு பாய்ச்சல் ஏறக்குறைய 12 அடி; மனிதருக்கு நான்கு எட்டு. ஆகவே, அடுத்தடுத்த தடைகளுக்கு இடையே எட்டெடுத்து வைத்து, எத்தனை பாய்ச்சல் அடங்கும் எனப் பயிற்றுநர் கணக்கிடுவார். ஓட்டம் தொடங்கிய பின்னர் அவர் வாய்திறந்து வழிகாட்டுதல் குற்றம். சொல்லவேண்டியதையெல்லாம் முன்னரே சொல்லி முடித்திருத்தல் வேண்டும்.

பெங்களூரிற் பிறந்த பௌவாத் மிர்சா, ஜேர்மனியில் சான்ட்ரா அவுஃபார்த்திடம் பயின்றவர். 2018 ஆம் ஆண்டு ஆசிய விளையாட்டு விழாவில் அவர் தனிநபர் வெள்ளிப்பதக்கம் பெற்றார். 1982 இல் புதுடில்லியில் ரகுபீர் சிங் தங்கம் வென்ற பின்னர், தனிநபர் குதிரையேற்றத்தில் இந்தியாவுக்கு அதுவரை பதக்கமே கிட்டியதில்லை.

2021 இல் நடைபெற்ற டோக்கியோ ஒலிம்பிக்கில், வெயிலின் கொடுமை கருதி ஓட்டம் காலையிலேயே தொடங்கிற்று. குறித்த நேரம் 7 நிமிடம் 45 விநாடி. மிர்சாவும் அவருடைய குதிரை செனியர் மெடிகொட்டும் எடுத்துக்கொண்டது 8 நிமிடம் 13 விநாடி. தாமதித்த ஒவ்வொரு விநாடிக்கும் 0.4 வீதம் 11.2 தண்டப்புள்ளிகள் சேர்ந்தன. குதிரை ஒருமுறை மறுத்து நின்றிருந்தாலோ 20 புள்ளிகள் போயிருக்கும். அந்த 28 விநாடியைக் குறையென்று கூறுவதற்கில்லை.

அதே பாதையில் சுவிற்சர்லாந்து வீரர் ஒருவரின் ஜெட் செட் என்னும் குதிரை 20 ஆம் தடையைத் தாவி இறங்குகையிற் காலில் ஆறாக்காயம் பட்டுக் கருணைக்கொலைக்கு உள்ளாயிற்று. தன்மேல் குறை ஏதுமின்றியும் ஒரு வீரர் தம் துணையை இழக்க நேரும் விளையாட்டு இது. ஆதலின், வேகத்தைக் கற்பிப்பதினும், சோர்ந்த குதிரையைக் கண்டவுடன் ஓட்டத்தைக் கைவிடக் கற்பிப்பதே பயிற்றுநருக்குக் கடினமான பாடமாகும். பதக்கக் கனவோடு ஆண்டுக்கணக்கில் உழைத்த இளைஞரிடம் அதனைச் சொல்லி ஏற்கச்செய்தல் எளிதன்று.

கிராஸ் கன்ட்ரி முடிந்த மறுநாள், மிருகவைத்தியர் முன்னிலையிற் குதிரைகளை நேர்கோட்டில் ஓடவிட்டுப் பார்ப்பர், நொண்டுவது விலக்கப்படும். செனியர் மெடிகொட் அதிலே தேறிற்று. கம்பந்தாவலின் முதற் சுற்றில் 25 பேருள் ஒருவராய்த் தப்பிய மிர்சா, இறுதிச் சுற்றின் முடிவில் 59.60 தண்டப்புள்ளிகளுடன் 23 ஆம் இடத்தைப் பெற்றார்.